மோட்டாரின் டியூட்டி சைக்கிளை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி இதுதான்: ஹாய்ஸ்ட் (பாரம் தூக்கும் இயந்திரம்) மோட்டார் ஒன்றின் நேம் பிளேட்டில் "எஸ்3, 40%" என்று இருக்கிறது (எஸ்3 என்றால் விட்டுவிட்டு ஓடும் வேலை). அப்படியென்றால் 40 நிமிடம் ஓட்டிவிட்டு 60 நிமிடம் நிறுத்தி வைத்தால் சரிதானா? வெல்டிங் மெஷினிலும் 40% என்றுதான் போட்டிருக்கிறது, இரண்டுக்கும் ஒரே கணக்கா? சாதாரண மோட்டாரை விட்டுவிட்டு ஓடும் வேலைக்குப் போடும்போது எத்தனை கிலோவாட்டில் எடுப்பது?

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: 40 நிமிடம் தொடர்ந்து ஓட்டாதீர்கள். அந்த 40% பத்து நிமிடத்துக்கான கணக்கு. மோட்டார்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60034-1-இன்படி, ஒரு சுற்று எவ்வளவு நேரம் என்று தனியாகச் சொல்லாவிட்டால் 10 நிமிடம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே முழுச் சுமையில் 4 நிமிடம் ஓட்டம், 6 நிமிடம் ஓய்வு. இதே விகிதத்தில் சுற்றை நீட்டிக்கொண்டே போனால் சதவீதம் மாறாது, மோட்டார்தான் எரியும்.

வெறும் சதவீதம் எடுப்பது எளிது. ஓடும் நேரத்தை, ஓடும் நேரமும் நிற்கும் நேரமும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். 3 நிமிடம் ஓடி நாலரை நிமிடம் நின்றால் 40%. ஆனால் நேம் பிளேட்டில் அதை அச்சிட்டவர் நேரத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. "இந்தச் சுமையில், இந்தச் சுற்றில் ஓட்டினால் வைண்டிங் சூடு எல்லைக்குள் நிற்கும்" என்று சொல்கிறார். டியூட்டி சைக்கிள் கணக்கு முழுக்க முழுக்கச் சூட்டுக் கணக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

சுமை ஏற்றியதும் வைண்டிங் சட்டென்று உச்சச் சூட்டுக்குப் போய்விடாது. இரும்பும் செம்பும் சேர்ந்த அத்தனை எடையும் சூடாக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை டைம் கான்ஸ்டன்ட் என்ற ஒரே எண்ணால் சொல்வார்கள். அந்த அளவு நேரம் ஓடினால், கடைசியில் எட்ட வேண்டிய சூட்டில் 63% ஏறியிருக்கும். நடுத்தர மோட்டாரில் இது அரை மணி நேரம் போல இருக்கலாம், பெரியவற்றில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டைம் கான்ஸ்டன்ட் 30 நிமிடம். இந்தச் சுமையிலேயே நிறுத்தாமல் ஓட்டினால் சுற்றுப்புறத்தைவிட 180 டிகிரி சூடேறும் என்று வைத்துக்கொள்வோம். 4 நிமிடம் ஓட்டம், 6 நிமிடம் ஓய்வு என்று பல மணி நேரம் போனபிறகு, ஒவ்வொரு ஓட்டமும் முடியும் தறுவாயில் சூடு எவ்வளவு இருக்கும்? சூத்திரம் இது:

உச்ச உயர்வு = 180 × (1 − அ) ÷ (1 − அ × ஆ)

இதில் 'அ' என்பது 2.718-ஐ (−4/30) என்ற அடுக்குக்கு உயர்த்தினால் கிடைப்பது, அதாவது 0.875. 'ஆ' என்பது அதே 2.718-ஐ (−6/30) அடுக்குக்கு உயர்த்தியது, 0.819. போட்டுப் பார்த்தால் 79 டிகிரி வரும். பி வகுப்பு இன்சுலேஷனுக்கு அனுமதிக்கப்பட்ட உயர்வு 80 டிகிரி. (130 டிகிரி தாங்கும் வகுப்பு அது. சுற்றுப்புறத்துக்கு 40, உயர்வுக்கு 80, வைண்டிங்கின் உள்ளே எங்கோ ஓரிடம் சராசரியைவிடக் கூடுதலாகச் சுடும் என்பதற்கு 10.) ஆக, கச்சிதமாக உள்ளே நிற்கிறது.

இப்போது அதே மோட்டார், அதே சுமை, அதே 40%. ஆனால் 40 நிமிடம் ஓட்டம், 60 நிமிடம் ஓய்வு. சூத்திரத்தில் போட்டால் 137 டிகிரி உயர்வு வருகிறது. 40 டிகிரி சுற்றுப்புறத்தில் வைண்டிங் 177 டிகிரி. பி வகுப்பு மட்டுமல்ல, 155 டிகிரி தாங்கும் எஃப் வகுப்பும் இதில் நிற்காது. ஓய்வு 60 நிமிடம் கிடைக்கிறதே என்று கேட்கலாம். அந்த ஓய்வு வருவதற்கு முன்பே சேதம் நடந்துவிடுகிறது. இன்சுலேஷன் சராசரியைப் பார்த்துக் கெடுவதில்லை. உச்சியில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதன் ஆயுளைத் தின்னும். எல்லைக்கு மேலே ஏறக்குறைய பத்து டிகிரிக்கு ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கையாளும் தோராயம்.

அடுத்தது, பலரும் விட்டுவிடும் விஷயம். மேலே போட்ட கணக்கில், ஓடும்போதும் நிற்கும்போதும் மோட்டார் ஒரே வேகத்தில் ஆறும் என்று எடுத்துக்கொண்டோம். பெரும்பாலான மோட்டார்களில் ஃபேன் அதன் ஷாஃப்டிலேயேதான் இருக்கிறது. மோட்டார் நின்றால் ஃபேனும் நின்றுவிடும், காற்று இல்லாமல் சூடு மெதுவாகத்தான் இறங்கும். நிற்கும்போது டைம் கான்ஸ்டன்ட் 30-க்குப் பதில் 60 நிமிடம் என்று மாற்றி அதே 4-6 சுற்றைப் போட்டுப் பாருங்கள். 'ஆ' 0.905 ஆகிறது, உச்ச உயர்வு 79-லிருந்து 108-க்குத் தாவுகிறது. சுமையும் மாறவில்லை, நேரமும் மாறவில்லை. ஃபேன் நிற்பது ஒன்றே 29 டிகிரியைக் கூட்டிவிடுகிறது.

பிளேட்டிலேயே எஸ்3 என்று போட்டிருந்தால் தயாரித்தவர் ஃபேன் நிற்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கிலோவாட்டைக் கொடுத்திருப்பார், நீங்கள் இன்னொரு முறை கழிக்க வேண்டாம். ஆனால் எஸ்1 என்று எழுதிய, தொடர்ந்து ஓடுவதற்கான சாதாரண மோட்டாரை எடுத்து விட்டுவிட்டு ஓட்டப்போகிறீர்கள் என்றால், இந்தக் கணக்கு உங்கள் தலையில்தான் விழும்.

எஸ் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்1 முதல் எஸ்10 வரை உண்டு, ஆனால் அன்றாடம் கண்ணில் படுவது நாலைந்துதான். எஸ்1 தொடர் ஓட்டம். எஸ்2 குறுகிய நேரம் ஓடி முழுக்க ஆறும்வரை நிற்பது, பிளேட்டில் "எஸ்2, 30 நிமிடம்" என்பதுபோல் இருக்கும். அதில் சதவீதம் தேடாதீர்கள், இருக்காது. எஸ்3 விட்டுவிட்டு ஓடுவது. 15, 25, 40, 60 என்ற சதவீதங்களில் வரும், சில பிளேட்டுகளில் எஸ்3-க்குப் பதில் இடி (ED, அதே ஓட்ட நேரச் சதவீதம்தான்) என்று எழுதி 40% என்றும் போட்டிருப்பார்கள். எஸ்4 என்பது ஸ்டார்ட் ஆகும்போது ஏறும் சூட்டையும் கணக்கில் சேர்த்தது. எஸ்6-இல் மோட்டார் நிற்காது, சுமை மட்டும் வந்து வந்து போகும். கம்ப்ரஸர் சுமையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் ஓடிக்கொண்டே இருப்பதால் எஸ்6 மோட்டாருக்கு நல்ல வசதி. அதே 40% என்று எஸ்3-லும் எஸ்6-லும் இருந்தால் இரண்டும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது.

சரி, சுமை ஏறி இறங்கும் வேலைக்கு மோட்டார் எடுப்பது எப்படி? உண்மையான இயந்திரம் எதுவும் முழுச் சுமை, பூஜ்யம் என்று இரண்டே நிலையில் ஓடாது. ஒரு சுற்று இப்படி இருக்கட்டும்: 2 நிமிடம் 10 கிலோவாட், 3 நிமிடம் 6 கிலோவாட், 2 நிமிடம் 3 கிலோவாட், பிறகு 3 நிமிடம் நிற்கிறது. மொத்தம் பத்து நிமிடம்.

நேரடியாகச் சராசரி எடுத்தால் 4.4 கிலோவாட் வரும். இந்த எண்ணை நம்பி மோட்டார் வாங்கினால் கெட்டது கதை. காரணம், செம்பில் பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. சுமை இரண்டு மடங்கானால் சூடு ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே ஒவ்வொரு சுமையையும் வர்க்கப்படுத்தி, அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கி, கூட்டி, மொத்த நேரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

100 × 2 = 200
36 × 3 = 108
9 × 2 = 18

கூட்டினால் 326. பத்தால் வகுத்தால் 32.6, வர்க்கமூலம் 5.7 கிலோவாட். இதோடு நிறுத்தினாலும் பாதிக் கணக்குதான், ஏனென்றால் நின்ற 3 நிமிடத்தையும் முழு ஆறுதலாக எண்ணியிருக்கிறோம். ஷாஃப்டில் ஃபேன் உள்ள மோட்டாருக்கு நிற்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எண்ணுவது வழக்கம். நான்கில் ஒரு பங்கை எடுப்பவர்களும் உண்டு. மூன்றில் ஒரு பங்கை எடுத்தால், கீழே வகுக்கும் எண் 7 + 1 = 8. 326-ஐ 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 6.4 கிலோவாட். கடையில் கிடைக்கும் அளவுகளில் 5.5 போதாது, 7.5 எடுக்க வேண்டும். ஃபேனுக்குத் தனி மோட்டார் இருந்து, நிற்கும்போதும் காற்றடிக்கும் என்றால் 5.7-ஐயே எடுத்துக்கொள்ளலாம்.

சூடு சரியாக வந்துவிட்டது என்று அங்கேயே நின்றுவிடாதீர்கள். உச்சச் சுமையை மோட்டார் இழுக்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். சாதாரண இண்டக்ஷன் மோட்டார் தன் முழு டார்க்கில் (சுழற்று விசையில்) 1.6 மடங்கை 15 விநாடி நிற்காமல் தாங்க வேண்டும் என்பதே ஐஇசி கேட்கும் குறைந்தபட்சம். 10 கிலோவாட் உச்சத்துக்கு 7.5 போட்டால் 1.33 மடங்கு. நம் உச்சம் 2 நிமிடம் நீடிப்பதால் மோட்டாரின் பிரேக்டவுன் டார்க் (நின்றுபோகாமல் தரக்கூடிய உச்ச டார்க்) எவ்வளவு என்று கேட்லாகிலும் பார்த்துக்கொள்ளுங்கள். 5.5 போட்டிருந்தால் 1.82 மடங்கு. வோல்டேஜ் 10% இறங்கினால் டார்க் 19% குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், மோட்டார் சுமையோடு நின்றே போகலாம்.

இன்னொன்று. கிலோவாட்டை வைத்துப் போடும் கணக்கு தோராயம்தான். கரண்டை வைத்துப் போடுவதே நம்பகமானது. இண்டக்ஷன் மோட்டார் சுமையே இல்லாமல் சுற்றினாலும், சிறிய அளவுகளில் முழுக் கரண்டில் மூன்றில் ஒரு பங்கு, சில நேரம் பாதி வரைகூட இழுக்கும். கிலோவாட்டில் அது பூஜ்யம் போலத் தெரியும், வைண்டிங்குக்குத் தெரியாமல் போகாது. கிளாம்ப் மீட்டர் கையில் இருந்தால் ஆம்பியரை அளந்து அதே வர்க்கக் கணக்கைப் போடுங்கள்.

எஸ்1 மோட்டாரை 40% வேலைக்குப் போட்டால் எவ்வளவு கூடுதல் வேலை வாங்கலாம் என்பதற்கும் இதுவே வழி. 7.5 கிலோவாட் மோட்டார் என்றால், 1-ஐ 0.4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.58, ஆக 11.9 கிலோவாட் என்று இணையத்தில் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஃபேன் நிற்பதைச் சேர்த்தால் கீழே 0.4 + 0.2 = 0.6, 0.4-ஐ 0.6-ஆல் வகுத்தால் 0.667. 1-ஐ அதனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் இப்போது 1.22 மடங்குதான், 9.2 கிலோவாட். இரண்டு பதிலுக்கும் நடுவே ஒரு ரீவைண்டிங் செலவு இருக்கிறது.

இனி ஸ்டார்ட். இந்த விஷயத்தில் மிக அதிகமாக ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு மோட்டார் இரண்டு நிமிடச் சுற்றில் ஓடுகிறது: ஸ்டார்ட் ஆக 2 விநாடி, முழுச் சுமையில் 58 விநாடி, ஓய்வு 60 விநாடி. சதவீதம் பார்த்தால் 50. பாதி நேரம் சும்மா இருக்கும் மோட்டாருக்கு என்ன கவலை என்று தோன்றும். ஸ்டார்ட் கரண்ட் முழுக் கரண்டில் 6 மடங்கு என்று வையுங்கள். 6-இன் வர்க்கம் 36, இரண்டு விநாடிக்கு 72. அந்த இரண்டே விநாடியில், முழுச் சுமையில் 72 விநாடி ஓடினால் வரும் செம்புச் சூடு உள்ளே போய்விடுகிறது. அதோடு ஓட்டத்தின் 58 சேர்ந்தால் 130. சுற்றின் மொத்த நேரமே 120 விநாடிதான்! ஓய்வை முழுசாக எண்ணி, 130-ஐ 120-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால்கூட 104% கரண்டில் நிற்காமல் ஓடியதற்குச் சமம். ஓய்வில் மூன்றில் ஒரு பங்கை எண்ணினால் கீழே 80, விடை 127%. காகிதத்தில் 50% என்று இருக்கும் மோட்டார் ஓயாத ஓவர்லோடில் கிடக்கிறது.

இதனால்தான் எஸ்3-இன் வரையறையிலேயே, ஸ்டார்ட் கரண்ட் சூட்டைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்காது என்ற நிபந்தனை இருக்கிறது. அடிக்கடி ஸ்டார்ட் ஆகும் வேலையை எஸ்3 என்று சொல்லி மோட்டார் கேட்டால் தவறான மோட்டார் வந்து சேரும். எஸ்4 என்று கேட்டு, மணிக்கு எத்தனை ஸ்டார்ட் என்பதையும், சுழற்ற வேண்டிய சுமையின் இனர்ஷியாவையும் (சுழற்சி வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவையும்) கொடுக்க வேண்டும்.

ஸ்டார்-டெல்டா (குறைந்த வோல்டேஜில் ஸ்டார்ட் செய்யும் முறை) போட்டால் இந்தச் சூடு குறையுமா என்று கேட்பார்கள். லைனில் கரண்ட் குறையும், ஆனால் ஸ்டார்ட் ஆக நேரம் கூடும். சுமையை நிலையிலிருந்து முழு வேகத்துக்குக் கொண்டுவரும்போது, அந்தச் சுழற்சியில் சேரும் இயக்க ஆற்றலுக்குச் சமமான சூடு ரோட்டரில் பிறந்தே தீரும். எந்த வோல்டேஜில் ஸ்டார்ட் செய்தாலும் இது மாறாது, எதிர்ச்சுமை இருந்தால் இன்னும் கூடத்தான் செய்யும். ஓடும் மோட்டாரைத் திசை மாற்றிப் போட்டு நிறுத்தினால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அதில் மூன்று மடங்கு. உண்மையாகவே குறைப்பது விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்), அது பிரீக்வென்ஸியையும் சேர்த்துப் படிப்படியாக ஏற்றுவதால். ஆனால் அதில் மெதுவாக ஓட்டும்போது ஷாஃப்ட் ஃபேனும் மெதுவாகும், அந்தப் பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள்.

வெல்டிங் மெஷினுக்கு வருவோம். அங்கேயும் 10 நிமிடச் சுற்றுதான், 40 டிகிரி சுற்றுப்புறத்தில் சோதித்துக் கொடுப்பார்கள். 200 ஆம்பியர் 40% என்றால், 200 ஆம்பியரில் 4 நிமிடம் ஆர்க், 6 நிமிடம் மெஷினை ஆன் செய்தே வைத்து ஆறவிடுவது. ஃபேன் தனியாக ஓடுவதால் மோட்டாரில் வரும் மூன்றில் ஒரு பங்குத் தொல்லை இல்லை, கணக்கு நேராக வரும். கரண்டைக் குறைத்தால், பழைய கரண்டைப் புதிய கரண்டால் வகுத்து, வர்க்கப்படுத்தி, பழைய சதவீதத்தால் பெருக்க வேண்டும். 160 ஆம்பியருக்கு 1.25-இன் வர்க்கம் 1.5625, அதை 40-ஆல் பெருக்கினால் 62.5%, அதாவது பத்துக்கு ஆறேகால் நிமிடம். நிறுத்தாமல் வெல்ட் செய்ய, 200-ஐ 0.4-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 126 ஆம்பியர். டிரான்ஸ்பார்மர் மெஷினுக்கு இது நன்றாகப் பொருந்தும். இன்வெர்ட்டர் மெஷினில் ஐஜிபிடி போன்ற மின்னணு சுவிட்ச் பாகங்களின் சூடு சரியாக வர்க்கத்தில் போகாது, ஆகவே பிளேட்டில் 60%, 100% கரண்டும் அச்சிட்டிருந்தால் கணக்கை விட்டுவிட்டு அதையே எடுங்கள். இதே சூத்திரத்தில் 250 ஆம்பியர் போட்டால் 25.6% என்று விடை வரும். மெஷினின் உச்சமே 200 என்றால் அந்த விடைக்கு அர்த்தமில்லை.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரைப் பற்றிச் சந்தேகமா? சூத்திரத்தைவிட ரெசிஸ்டன்ஸ் அளப்பது மேல். குளிர்ந்திருக்கும்போது, வைண்டிங் 30 டிகிரியில், 2.00 ஓம் என்று வையுங்கள். அன்றாட வேலையில், நாளின் மிகக் கடுமையான நேரத்தில், சூடு இனி ஏறாது என்ற நிலை வரும்வரை ஓட்டி நிறுத்தி, லைனைக் கழற்றி உடனே அளந்தால் 2.56 ஓம். செம்புக்கு உரிய எண் 234.5. 30 + 234.5 = 264.5, அதை 1.28-ஆல் (2.56 ÷ 2.00) பெருக்கினால் 338.6, அதில் 234.5 போனால் 104 டிகிரி. அப்போது சுற்றுப்புறம் 34 என்றால் உயர்வு 70 டிகிரி. பி வகுப்பின் 80-க்குள் இருக்கிறது, எஃப் வகுப்பின் 105-க்கு வெகு கீழே. அளப்பதில் தாமதம் கூடாது. 50 கிலோவாட் வரையிலான மோட்டாருக்கு நிறுத்திய 30 விநாடிக்குள் அளக்கச் சொல்கிறது தரநிலை. அதைத் தாண்டினால் ஆறிப்போன எண்ணைத்தான் அளப்பீர்கள். இவ்வளவு சிறிய ஓம் வித்தியாசத்தைச் சாதாரண மல்டிமீட்டர் காட்டாது, நான்கு வயர் மீட்டர் வேண்டும். மோட்டாரின் மேல் கைவைத்துப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை நம்பாதீர்கள், பாடி 70 டிகிரியில் இருக்கும்போது உள்ளே 110 இருக்கலாம்.

பாதுகாப்பிலும் ஒரு கண் வேண்டும். பைமெட்டல் ஓவர்லோடு ரிலே மோட்டாரைவிட மிக வேகமாகச் சூடாகி, மிக வேகமாக ஆறும். விட்டுவிட்டு ஓடும் வேலையில் அது ஒன்று தேவையில்லாமல் டிரிப் ஆகும், அல்லது ஓய்வில் சீக்கிரம் ஆறி, உள்ளே சேர்ந்துகொண்டே போகும் சூட்டைக் காணாமல் விட்டுவிடும். டிரிப் தொல்லை தாங்காமல் செட்டிங்கைக் கூட்டிவைத்தால் பாதுகாப்பே போயிற்று. எஸ்3, எஸ்4 வேலை மோட்டார்களுக்கு வைண்டிங்குக்குள்ளேயே பிடிசி தெர்மிஸ்டர் (சூட்டை உணரும் சிறு சென்சார்) வைத்து, அதற்கான ரிலேயோடு இணைப்பதுதான் சரி. புதிதாக வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள், ரீவைண்டிங் செய்யும்போதும் வைக்கச் சொல்லலாம்.

உங்கள் ஹாய்ஸ்டுக்கு இனி செய்ய வேண்டியது: ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, மிக மும்முரமான ஒரு மணி நேரத்தில் மோட்டார் எத்தனை முறை ஸ்டார்ட் ஆகிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நாள் முழுவதற்கும் சராசரி எடுக்காதீர்கள், காலையில் சும்மா இருந்தது மதியச் சூட்டைக் குறைக்காது. எந்தப் பத்து நிமிடத்தை எடுத்தாலும் ஓட்டம் 4 நிமிடத்துக்குள் இருந்து, ஸ்டார்ட் எண்ணிக்கையும் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் இருந்தால் இதே மோட்டார் போதும். 40 நிமிடம் தொடர்ந்து இழுக்கும் வேலைதான் உண்மையில் வேண்டும் என்றால் எஸ்1 அளவில் மோட்டார் பாருங்கள். பிரேக், கான்டாக்டர், கியர்பாக்ஸ் ஆகியவையும் அந்த வேலைக்கு ஏற்றவையா என்று ஹாய்ஸ்டின் எம் வகுப்பையும் (எவ்வளவு கடுமையான வேலைக்கு உரியது என்று காட்டும் குறியீடு) சரிபாருங்கள், ஏனென்றால் மோட்டாரை மட்டும் மாற்றினால் அடுத்துத் தேய்வது பிரேக் லைனிங்தான்.